சொன்ன திகதி

“கள்ளர், பிள்ளை. பக்காக் கள்ளர். பட்டப்பகலிலை மனுசன்ரை கார்ட்டுக்குள்ளை கையை விடுறாங்கள்,” என்றார் இராசரத்தினம்.

செரீனா அவர் வீட்டு பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறவள். மார்க்கம் நகரத்தில் ஒரு கம்பனியில் போனில் கதைக்கிற வேலை. இங்கிலீஸ் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. அதனால்தான் வேலைக்குப் புறப்பட்டு நின்றவளை மேலே கூப்பிட்டு, இருத்தி, பிளேன்ரீயும் ஊற்றிக் கொடுத்திருந்தார்.

செப்ரெம்பரில் கிரிக்கெட் பார்க்கவென்று ஒரு ஆப்பை ஏழு நாள் இலவசமாக எடுத்தார். ஆறாம் நாளே போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர்களும் ‘ஓகே சேர்’ என்றார்கள். ஓகே சொன்னவர்கள் ஒக்ரோபர், நவம்பர், டிசெம்பர் என்று மாதம் இருபத்திரண்டு டொலர் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பென்சனில் ஓடுகிற மனுசன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவரும் மூன்று தரம் கூப்பிட்டுச் சண்டை பிடித்தார். அவருடைய இங்கிலீசுக்கு அவர்கள் மசியவில்லை.

“வேண்டாமெண்டு எந்தத் திகதி சொன்னனீங்கள் அங்கிள்?” செரீனா கேட்டாள். “அதுதான் முக்கியம். நான் வேலையிலையும் முதல் அதைத்தான் கேக்கிறனான். சொன்ன திகதிக்குப் பிறகு எடுத்த காசு முழுக்க அவை திருப்பித் தரவேணும்.”

அவருக்கு வாயெல்லாம் பல். சுவரில் தொங்கின தமிழ்க்கடைக் கலண்டரை அப்படியே கழற்றிக்கொண்டு வந்தார். கரண்ட் பில் கட்டினது, பல்லுக் கட்டினது எல்லாம் அதன் கட்டங்களுக்குள் இருக்கும். செப்ரெம்பர் பதினாலில் சிவப்புப் பேனையால் எழுதியிருந்தார்: ‘கிரிக்கெட் வேண்டாம் எண்டு சொன்னது. பின்னேரம் 4.10.’

“இது காணும்,” என்று செரீனா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

அந்தப் பக்கம் ஸ்டெபனி என்று ஒருத்தி. தேன் தடவித்தான் கதைத்தாள். சேர் வேண்டாம் என்று சொன்னது பதிவில் இருக்கிறதாம். ஆனால் அவர்தானே கார்ட் நம்பரைத் தந்தவர், அதை ஒரு வருசத்துக்கு சிஸ்டத்தில் ஏற்றியாயிற்றாம். இனி மாற்றுவது கரைச்சலாம்.

“கரைச்சல் ஆருக்கு? உனக்கோ எனக்கோ?” என்று இராசரத்தினம் பக்கத்தில் இருந்து தமிழில் பாய்ந்தார். செரீனா கையைக் காட்டி அவரை இருத்தினாள்.

பிறகு அவள் இங்கிலீசில் கேட்டாளே ஒரு கேள்வி. குரல் கொஞ்சமும் உயரவில்லை. ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நீங்களும் அதைக் கேட்டிருக்கிறீர்கள், நம்பர் கையில் இருக்கிறது என்பதற்காக எடுத்துக்கொண்டே இருப்பீர்களா என்று கேட்டாள். உங்களுக்கு இது சின்னக் காசு, மாதம் மாதம் எண்ணிச் செலவழிக்கிற ஆளுக்கு அப்படியில்லை என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் லேசாகத் தடுமாறினது.

ஸ்டெபனி மனேஜரைக் கேட்கப் போனாள். போனில் பாட்டுப் போட்டார்கள். பிளேன்ரீ ஆறிப்போனது. செரீனா இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தாள். இருபது நிமிசம் கழித்து ஸ்டெபனி வந்து, அறுபத்தாறு டொலரும் கார்ட்டுக்கே திரும்பி வரும் என்றாள்.

இராசரத்தினத்துக்குத் தலைகால் புரியவில்லை.

“கெட்டிக்காரி. நீர் இல்லாட்டி விழுங்கியிருப்பாங்கள். வேண்டாமெண்டு ஒரு சனம் வாயாலை சொன்னாப் பிறகும் எடுத்தா அதுக்குப் பேர் களவுதானே, பிள்ளை?”

“ஓம் அங்கிள்,” என்றாள் செரீனா. குனிந்து பூட்ஸைப் போட்டாள். “நான் ஓடவேணும். இந்த பஸ்ஸை விட்டா அடுத்ததுக்கு அரை மணித்தியாலம் நிக்கவேணும்.”

“இந்த ஸ்நோவுக்குள்ளையோ? வழுக்கும், கவனம்.”

அவள் போன பிறகு கலண்டரைத் திரும்பக் கொழுவப் போனவர் யன்னலால் எட்டிப் பார்த்தார். ட்ரைவ்வேயில் அவருடைய காருக்குப் பக்கத்து இடம் வெறுமையாகக் கிடந்தது. போட்ட ஸ்நோ போட்டபடி இருந்தது. ஒரு ரயர் அடையாளம் இல்லை.

கார் விடுகிற அந்த இடத்துக்கு மாதம் ஐம்பது டொலர். குடிவந்த அன்றைக்கே, இங்கே எல்லோரும் கொடுக்கிற மாதிரி, வாடகையையும் பாக்கிங்கையும் சேர்த்துப் பன்னிரண்டு மாதத்துக்கும் திகதி போட்டுச் செக் எழுதிக் கொடுத்திருந்தாள் செரீனா. பிறகு இன்சூரன்ஸ் கட்ட ஏலாமல் காரை விற்றபோது மேலே வந்து சொன்னாள். சிரித்தபடி, தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

‘செக் எல்லாம் தந்திட்டீரே பிள்ளை, இனி மாத்துறது கரைச்சல்’ என்று அவர் சொன்னதும் இப்போது அவள் பூட்ஸ் போட்ட அதே வாசலில்தான். அதற்குப் பிறகும் ஒவ்வொரு முதலாம் திகதியும் ஒரு செக்கை வங்கியில் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மனுசனுக்குக் காது சுட்டது. அவள் வந்து சொன்ன நாளைத் தேடிக் கலண்டரைப் பிரட்டினார். நவம்பரில் இல்லை. ஒக்ரோபரில் பல்லுக் கட்டினது இருந்தது, இது இல்லை.

வீட்டுச் செருப்போடு கதவைத் திறந்துகொண்டு ஸ்நோவுக்குள் இறங்கினார். செரீனா இன்னும் ரோட்டு மூலையைத் தாண்டவில்லை.

“பிள்ளை, கொஞ்சம் நில்லும்,” என்று கூப்பிட்டார். “பாக்கிங் வேண்டாமெண்டு நீர் எனக்குச் சொன்னது எந்தத் திகதி?”