தேக்கா, ஃபோமா?

"தேக்கே போடுங்க. கண்ணுக்கு லட்சணமா இருக்கும்," என்றார் கணவர். கடலில் நீந்திவிட்டுத் திரும்ப ஏறுவதற்காகத் தங்கள் மோட்டார் படகின் பின்னால் பொருத்தியிருந்த பழைய மேடைப் பலகையை மாற்றப் படகு கட்டுபவரிடம் வந்திருந்தார்கள்.

"வேண்டாம், ஃபோம் ஒட்டுங்க. மெத்துனு இருக்கணும்," என்றாள் மனைவி, ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தபடி. அவளுக்கு ஒரு கால்தான்.

"ஃபோம் சீக்கிரம் கிழிஞ்சிடும்மா," என்றார் படகு கட்டுபவர்.

"கிழிஞ்சா மாத்திக்கலாம்."

"என்னமோ பண்ணு," என்று அலுத்துக்கொண்டே கணவர் வெளியே போனார்.

படகு கட்டுபவருக்கு மனம் இளகியது. "நியாயந்தான்மா. ஒத்தைக் காலோட ஏறுறப்ப உங்களுக்கு வலிக்கக் கூடாதில்ல?"

"எனக்கில்லைங்க. என்னைத் தூக்கிவிட தினமும் அவர்தான் அதுல மண்டி போடுறார். முட்டி ரெண்டும் கன்னிப்போயிருக்கு. கேட்டா, எங்கயோ இடிச்சுக்கிட்டேன்கிறார்."

வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர்கிட்ட மட்டும் எனக்காகன்னே சொல்லிடுங்க."