கழுத்துச் சாவி

மலையிடுக்கில் கடல் ஈயத்தகடு போலக் கிடக்கிறது. மிதவை மேடையில் டோருன் ஒலிபெருக்கியருகே குனிந்திருக்கிறாள். கீழே நீருக்குள் அவள் கணவன் எஸ்கில், மேடையிலிருந்து தொங்கும், ஒலியால் கடலைத் துழாவும் புது சோனார் கருவியின் திருகுகளை இறுக்குகிறான். மேலே யாரும் தவறிப்போய் மின்சாரத்தைப் போட்டுவிடாதபடி, நீரில் இறங்குபவன் அதன் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் இறங்குவான். தனி மின்கலத்தில் கருவியின் காது மட்டும் விழித்திருக்கிறது; கீழே எழும் சத்தம் ஒலிபெருக்கியில் வருகிறது. “பழசுல திமிங்கிலம் கத்துனாத்தான் கேக்கும். இதுல மாப்பிள்ளை மூச்சே கேக்குதுடி!” எஸ்கிலின் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருக்கும் அவள் அண்ணன் சிக்வே சிரிக்கிறான். “சும்மா இருண்ணா. மூச்சு நின்னுடுச்சு.” “வம்புக்கு அடக்கி வச்சிருப்பான்.” “இவ்ளோ நேரமாவா? இழு!” கயிறு விறைக்கிறது; வர மறுக்கிறது. சிக்வேயின் காப்பி பலகையில் கவிழ்ந்து ஆவி விடுகிறது. மேடை அலையில் ஏறி இறங்கும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் துல்லியமாகக் கேட்கிறது, கருவியின் மேல் சாவி மெல்ல மோதும் சத்தம்.