அழுகிற பிள்ளை

மழலையர் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் மழலையரே கிடையாது. ஒருத்தி டீச்சராக நிற்பாள், மற்றவர்கள் பிள்ளைகளாக நடிப்பார்கள். விரிவுரையாளர் எப்சிபாவுக்கு அதைப் பார்த்தாலே குமட்டும். ஏழு கழுதை வயதில் விரல் சூப்பிக்கொண்டு, மிஸ்ஸை "மிச்சு, மிச்சு" என்று குழைகிற இதுகளை நம்பித்தான் ஊரார் பிள்ளைகளை அனுப்பப் போகிறார்கள்.

அன்றைக்குப் பாடம், பள்ளியின் முதல் நாள். பரிமளா அழுகிற பிள்ளை, உமையாள் டீச்சர். உமையாள் கிலுகிலுப்பை ஆட்டினாள், பொம்மையைப் பேசவைத்தாள். அழுகை ஓயவில்லை. கடைசியில், "அழாதடா செல்லம், அம்மா இப்ப வந்துருவாங்க" என்றாள்.

"பிள்ளைய பொய் சொல்லி ஏமாத்தறதுக்கு எதுக்குடி படிப்பு? போய் உட்காரு" என்று சொல்லி மதிப்பெண்ணில் முட்டை போட்டாள் எப்சிபா.

மணி அடித்ததும் எல்லோரும் சிரித்தபடி கலைந்தார்கள். பரிமளா மட்டும் பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க, அழுதுகொண்டே இருந்தாள்.

"போதும், எந்திரி. மேடை நாடகமா இது?"

அவள் எழவில்லை. எப்சிபா அதட்டினாள், தண்ணீர் கொடுத்தாள், தோளைப் பிடித்து உலுக்கினாள். மூக்கு ஒழுக, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது அழுகை. எப்சிபா கதவைச் சாத்தினாள். யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு குனிந்து, "அம்மா இப்ப வந்துருவாங்க" என்றாள்.

அழுகை நின்றது. பரிமளா புறங்கையால் மூக்கைத் துடைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்து வெளியே எட்டிப் பார்த்தாள்.

"எந்தப் பக்கமா வருவாங்க, மிஸ்?"