அடையாளம் சொல்லாத புள்ளி

மலையுச்சி ரேடார் நிலையத்தை மூடிய அன்று, அங்கே இருபது வருடம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்து எப்போதோ ஓய்வுபெற்ற சூசைமாணிக்கமும் வந்திருந்தார். அத்தனை வருடத்தில் ஒரு எதிரி விமானம்கூட வந்ததில்லை. போர்க்காலத்தில் ஒருமுறை மட்டும், அடையாளம் சொல்லாமல் ஒரு புள்ளி ஊர்ந்து வந்தது. சுட்டு வீழ்த்த எல்லாம் தயாரானது.

"ரொம்ப மெதுவா வருது சார். வழி தப்புனது மாதிரி தெரியுது. ரெண்டே நிமிஷம் குடுங்க" என்று அதிகாரியிடம் கெஞ்சிவிட்டு, வயர்லெஸ்ஸில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். கடைசி நொடிகளில் ஒரு பெண்குரல் அழுதுகொண்டே பதில் சொன்னது. விமானம் ஓட்டும் பயிற்சிக்குத் தனியாகக் கிளம்பி மேகத்தில் மாட்டிக்கொண்ட பூங்கோதை அவள். திசை சொல்லிச் சொல்லி அவளைத் தரையிறக்கினார். நேரில் பார்த்ததில்லை.

இன்று தலை நரைத்த ஒரு பெண்மணி, அவர் பெயரை விசாரித்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"நான்தான் சார் பூங்கோதை. அன்னைக்கு எனக்குப் பதினெட்டு வயசு. அதுக்கப்புறம் வந்த முப்பத்தாறு வருஷமும் நீங்க குடுத்தது."

கும்பிட்ட அவளது கைகளைச் சூசைமாணிக்கம் பிடித்துக்கொண்டார்.

"நீ பதில் சொன்னியேம்மா" என்றார். "அதுக்கு நான்தான் உனக்கு நன்றி சொல்லணும். இல்லேன்னா இத்தனை வருஷம் நான் எப்படித் தூங்கியிருப்பேன்?"