கேட்க மட்டும்தான்

“அவனுக்குக் கேக்காதுங்க. நீங்க தொண்டை கிழியக் கத்தினாலும் கேக்காது.”

பவானி சொல்லச் சொல்லவே சிவராஜ் ஸ்கேனரின் கம்பியை இன்னும் ஒரு சாண் இழுத்துவிட்டான். செங்கல் அளவுப் பெட்டி. போலீஸ் ஹெலிகாப்டரும் நிலையமும் பேசிக்கொள்வதை அது பிடித்துக் கொடுக்கும். கேட்கலாம், திரும்பிப் பேச முடியாது.

அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் க்யிம்யிண்டைங் படகுத்துறைக் கிடங்கில் இரவுக் காவல் பார்த்துவிட்டு வந்தால் வேறு எவனும் தூங்குவான். இவன் பெட்டியைத் திறந்துவைத்து, “வலப்பக்கம் திருப்புடா, காத்து அங்கிருந்துதான் வருது” என்று யாரோ ஒரு பைலட்டுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருப்பான்.

“கல்யாணம் ஆனதுல இருந்து கத்துறீங்க. ஒருத்தனாவது ‘சரிங்கய்யா’ன்னானா?”

“சும்மா இரு. இருமல்காரன் வந்துட்டான்.”

வாயைத் திறக்கும் முன் ஒரு தடவை இருமும் பைலட்டுக்கு அவன் வைத்த பெயர் அது. முகம் தெரியாது. ஆனால் அவனுக்குச் சளி பிடித்திருக்கிறதா, பக்கத்தில் மேலதிகாரி இருக்கிறாரா என்பதுவரை சிவராஜ் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவான்.

நேற்றிலிருந்து கரெண்டு இல்லை. இரண்டு போனும் அணைந்துவிட்டன. பெட்டியின் பேட்டரியில் மட்டும் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தது.

கரகரப்பு. இருமல். பிறகு பர்மாப் பேச்சு.

“டாலா மேல இருக்கேன். ஆறு எது, வயல் எதுன்னு தெரியல. எல்லாம் ஒரே தண்ணி.”

நிலையம் பதில் சொன்னது: “டாலா படகுத்துறைக்கு மேற்க ஒரு கூரையில ஒரு ஆணும் பொண்ணும் மாட்டியிருக்காங்க. கடைசிப் படகுல கரையேறினவரு சொன்னாரு. பொண்ணு மாசமா இருக்கு. தண்ணி இன்னும் ஏறுது. சீக்கிரம் பாருங்க.”

பவானி மடியில் வைத்து ஒரு பித்தளைத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கிற தட்டு.

“அது எதுக்கு இப்போ?” என்றான் சிவராஜ்.

“எங்கம்மா குடுத்தது. கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

பெட்டி மறுபடி இருமியது. இந்தமுறை அதில் அதிகாரியின் தோரணை இல்லை. எதையோ பார்த்துவிட்டு வேலையை மறந்த மனிதனின் குரல்.

“சொன்னா நம்ப மாட்டீங்க. தண்ணிக்கு மேல பகோடா உச்சி மட்டும் நிக்குது. அதச் சுத்தி அத்தனையும் கொக்கு. என் சத்தம் கேட்டு எல்லாம் ஒண்ணா எழும்புது. தண்ணியே எழும்பி வர்ற மாதிரி இருக்கு.”

பவானிக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த ஊர். சேறும் சைக்கிள் ரிக்‌ஷாவும் தகரமும். அதற்கு இப்படியொரு முகம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

“நம்ம டாலாவா?” என்றாள் மெதுவாக.

“நம்ம டாலாதான்.”

“என்ன இருந்தாலும் ஒட்டுக்கேக்குறது ஒட்டுக்கேக்குறதுதான். லைசென்ஸ் இல்லாத பொட்டி. போலீசு கண்ணுல பட்டா உங்களை உள்ள வச்சிருவாங்க. யாராச்சும் வந்தாங்கன்னா தூக்கி எறிஞ்சிருங்க.”

“எறியலாம், எறியலாம்.”

“எண்ணெய் குறையுது” என்றான் இருமல்காரன். “இன்னும் ஒரு சுத்து. அப்புறம் நான் மிங்கலாடோன் விமானத்தளத்துக்குத் திரும்பணும்.”

“மேற்க போடா! இன்னும் மேற்க!” சிவராஜ் பெட்டியைப் பிடித்து உலுக்கினான். இந்தமுறை பவானி கிண்டல் செய்யவில்லை.

“எல்லாக் கூரையிலயும் துணி ஆடுது. ஆளா துணியான்னு தெரியல. கண்ணுல பளிச்சுன்னு ஏதாவது அடிச்சாத்தான் உண்டு.”

பவானி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

“எங்க எந்திரிக்கிற? வழுக்கும், உக்காரு!”

அவள் உட்காரவில்லை. பெட்டியில் வெறும் கரகரப்பு. சிவராஜ் அதைக் காதோடு ஒட்டிக்கொண்டான்.

“நிலையம், கொஞ்சம் இருங்க. இடப்பக்கம் என்னமோ மின்னுது.” இருமல். “ஒரு பொண்ணு. தட்டை வெயிலுக்குக் காட்டிக்கிட்டு நிக்குது. வயிறு தெரியுது. பக்கத்துல அந்த ஆளு. அவன் காதுல... கம்பி வச்ச பொட்டி.”

அதற்குள் தலைக்கு மேல் இரைச்சல் வந்துவிட்டது. காலடியில் தகரம் அதிர்ந்தது. கூரையின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்த தண்ணீர் சிலிர்த்து விலகியது.

“எறிஞ்சிருங்க!” என்று கத்தினாள் பவானி.

“அகோ!” என்றது பெட்டி. பர்மாக்காரன் அண்ணனைக் கூப்பிடுகிற சொல். “அகோ, உங்களத்தான். அந்தப் பொட்டியில நான் பேசுறது கேக்குதுன்னா தட்ட ரெண்டு தடவ ஆட்டுங்க. கீழ இறங்கினா எங்க காத்துக்கு உங்க கூரை பிச்சுக்கும். படகு வருது, எந்தப் பக்கம் நகரணும்னு சொல்றேன்.”

சிவராஜ் தண்ணீரைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். பிறகு பவானியின் கையிலிருந்து தட்டை வாங்கி, தலைக்கு மேல் தூக்கி இரண்டு தடவை ஆட்டினான்.

பெட்டி இருமியது.

“சரிங்கய்யா” என்றது.