கெளிற்றின் வாயில்

மீன் வெட்டும் ஸ்டெல்லா கடல்கெளிறு ஒன்றின் வாயைப் பிளந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். உள்ளே கோலிக்குண்டு அளவில் முட்டைகள்.

"ஆம்பள மீனுண்ணே. குஞ்சு பொரிச்சு வளர்ற வரைக்கும் வாயிலயே வச்சிருக்கும். மாசக்கணக்கா ஒண்ணும் திங்காது."

வசீகரனால் பக்கத்தில் நின்ற மகளைப் பார்க்க முடியவில்லை. மாதம் ஒருநாள் அவளைக் கூட்டிப்போகலாம் என்று கோர்ட் சொல்லியிருந்தும், பதினோரு மாதம் கழித்து இன்றுதான் வந்திருந்தான்.

ஸ்டெல்லா சிரித்தாள். "பாப்பாவை இதுக்கு முந்தி நீங்க கூட்டியாந்ததே இல்லையேண்ணே?"

"அப்பாவுக்கு நிறைய வேலைக்கா," என்று முந்திக்கொண்டு சொன்னாள் மகள். "தினமும் ராத்திரி போன்ல பேசுவாங்க."

அவன் ஒருநாளும் பேசியதில்லை. கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள். எத்தனை பேரிடம் சொல்லிப் பழகியிருப்பாளோ என்று நினைத்தபோது அவனுக்குக் காதெல்லாம் சுட்டது.