ஒரு கட்டம் பாக்கி

“கடலுக்கு ஏது சாரே சட்டம்? மீனு பள்ளிக்கூடம் போவுதா?” என்று கேட்டுவிட்டு, கிழிந்த வலையைத் தைக்கத் தொடங்கினார் ததேயுஸ்.

கரையேற்றிய கட்டுமரத்தில் உட்கார்ந்திருந்த சிவதாணுவுக்குச் சிரிப்பு வரவில்லை. 1953-ல் திருவனந்தபுரத்துச் சட்டக் கல்லூரியில் கடற்கரை வழக்கங்களை ஆராய ஒரு தனி நிலையம் இருந்தது. நிலையம் என்றால் ஓர் அறை, ஒரு மேசை, சிவதாணு. ஆறு மாதமாகப் பன்னிரண்டு ஊர்களில் எழுதிச் சேர்த்த குறிப்புகள், போன வாரம் வள்ளம் கவிழ்ந்தபோது பெட்டியோடு கடலில் போய்விட்டன. பத்து நாளில் அறிக்கை தராவிட்டால் நிலையத்தை மூடிவிடுவார்கள். கிடைத்தவரை கிடைக்கட்டும் என்று, பதிமூன்றாவது ஊரான இனயத்துக்கு வந்திருந்தார்.

“மீனுக்கில்ல அண்ணாச்சி, உங்களுக்குள்ள இருக்க வழக்கம்தான் வேணும்,” என்றார் பாவமாக.

“சரி. புஸ்தகம் அச்சடிச்சா யாருக்க பேரு வரும்?”

“எனக்க பேரும் நிலையத்துப் பேரும்.”

“இதெல்லாம் சொல்லித்தந்த ஆளுவளுக்க பேரு?”

“அதப் போடுகது எங்க நிலையத்துல வழக்கமில்ல.”

“ஓ,” என்றார் ததேயுஸ். ஊசி கொஞ்ச நேரம் நின்றது. “அப்போ இத எழுதுங்க. கடல்ல போன சாமானை எவன் எடுக்கானோ, அவனுக்குப் பாதி. உடையவனுக்குப் பாதி.”

சிவதாணு நிமிர்ந்தார். பன்னிரண்டு ஊரிலும் கேட்டிராத வழக்கம். படிவத்தில் மளமளவென்று எழுதினார்.

“உடையவன் ஒத்துக்கிடலேன்னா?”

“ஒத்துக்கிடணும். நியாயம்தானே?”

“நல்ல நியாயம். எத்தனை காலமா இருக்கு? அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கு.”

“முதல்ல ஒப்பு போடுங்க. காலம் பொறவு சொல்லுதேன்.”

சிவதாணு கையெழுத்துப் போட்டார்.

“ஏட்டி புஷ்பம், அதக் கொண்டா,” என்று வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார் ததேயுஸ்.

அவர் மனைவி தலையிலிருந்து இறக்கிவைத்த மரப்பெட்டியைப் பார்த்ததும் சிவதாணு கட்டுமரத்திலிருந்து குதித்து இறங்கினார். மூடியைத் திறந்தார். மெழுகுத்துணிக்குள் ஆறு மாத உழைப்பும் பத்திரமாக இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“முந்தாநாளு வலையில கேறிச்சு,” என்றார் ததேயுஸ். “காயிதத்தைப் பாதியாக் கிழிச்சா ரெண்டு பேருக்கும் ஆவாது. புஸ்தகத்துக்க அட்டையில பாதி இடம் தந்தா போரும். பன்னெண்டு ஊருலயும் சொன்னவங்க பேரு அதுல வரணும்.”

சிவதாணு சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பேனாவை எடுத்தார்.

“போடுதேன் அண்ணாச்சி. அந்த ஒரு கட்டம் பாக்கி. இந்த வழக்கம் எந்தக் காலத்துல வந்தது?”

ததேயுஸ் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“இன்னைக்குத் தேதியப் போடுங்க, சாரே.”